முன்சக்கரத்தில் மூன்று பட்டை

“ஏம்மா, ஒனக்குப் பேச வருமா வராதா? அத மட்டும் சொல்லிடு.”

பெண் பார்க்க வந்த தனபாக்கியம் அம்மாள் காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியதும் சிவகாமசுந்தரியிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். வரும் என்றால் பேசிக் காட்ட வேண்டும். வராது என்றால் அதையும் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும். இரண்டில் எது சுலபம் என்று சிவகாமி யோசித்து முடிப்பதற்குள், அந்த அம்மாள் தன் முழங்கால் வலியையும், ஜொகூர் மழையையும், பதினெட்டாங்கட்டைத் தோட்டத்துக்கு வரும் மீனுக்கு ஏன் கண் சிவந்திருக்கிறது என்பதையும், மூத்த மருமகள் உப்புப் போடும் அழகையும் சொல்லி முடித்துத் தம்ளரையும் காலி செய்திருந்தாள்.

மாப்பிள்ளை பாலகிருஷ்ணன் அந்தத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி. மண்வெட்டியிலிருந்து மண்ணெண்ணெய் வரை அவன் கையெழுத்தில்லாமல் வெளியே போகாது. வந்த சரக்கைச் சரிபார்ப்பவன் மாதிரி அவன் சிவகாமியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.

“விடுங்கம்மா. பேசாட்டி நல்லதுதானே? வீட்டுல ஒருத்தர் பேசுனா போதும்.”

கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் முடிவாகிவிட்டது. சிவகாமி மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் வாய் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, காது ஒன்று குறைகிறது, அதை வாங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஆயுள் முழுக்க அந்த முழங்கால் வலியைக் கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெண்ணுக்கு வெட்கம் என்றார்கள்.

சிவகாமிக்குப் பேச்சு இல்லாமல் இல்லை. அது உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருக்கும். அதன் முறை வருவதற்குள் கேட்டவர்கள் கடையைச் சாத்திக்கொண்டு போயிருப்பார்கள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புவரை படித்தாள். ஒருநாள் டீச்சர் அவளை எழுப்பி நிறுத்தி, உன் வீட்டைப் பற்றிச் சொல் என்றாள். சொல்வதற்கு அவளிடம் நாற்பது வாக்கியம் இருந்தது. எதை முதலில் விடுவது என்று பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. பின்வரிசை சிரித்த சிரிப்பை வீடுவரைக்கும் கொண்டுவந்தவள், அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா மாணிக்கம் ஏன் என்று கேட்டார். பதிலுக்கு ஒரு நொடி காத்திருந்தார். “சரி, படிச்சது போதும்,” என்று முடித்துவிட்டார்.

தனபாக்கியம் அம்மாள் கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, அவர்கள் குடும்ப வழக்கப்படி தோட்டத்து முனியாண்டி கோயிலில் வைத்துத்தான் தட்டு மாற்றுவது. பெண்ணும் அங்கே வந்து நிற்க வேண்டும். இரண்டு, கார்த்திகை இருபத்தெட்டு புதன்கிழமை காலை பத்தரைக்குள் மாற்றிவிட வேண்டும்.

“அதுக்கப்புறம் மூணாம் நாளு மார்கழி பொறந்துரும். மார்கழில நான் எதையும் தொட மாட்டேன். தையில குளுவாங் ஊருப் பொண்ணு ஒன்னு ஜாதகத்தோட காத்துக்கிட்டு இருக்கு. சும்மா சொல்லி வைக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க.”

“பத்தரை என்ன, ஒம்பதுக்கே வந்து நிப்போம்,” என்றார் மாணிக்கம். “எங்கிட்ட இருக்கறது ஜீப்பு.”

பதினெட்டாங்கட்டைத் தோட்டம் ஜொகூர் பாருவுக்கு அப்பால், கோத்தா திங்கி சாலையில் பதினெட்டாம் மைல்கல் அருகே இருந்தது. தார்ச் சாலையிலிருந்து உள்ளே மூன்று மைல் செம்மண் பாதை. கார்த்திகை மார்கழி மழையில் அந்தப் பாதையில் தோட்டத்து லாரியே இறங்காது. புத்தியுள்ள மனிதன் பஸ்ஸில் போய் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடுவான். ஆனால் மாணிக்கம் அந்தச் சமயத்தில் வெறும் மனிதர் இல்லை. சிராங்கூன் ரோடு நான்கு சக்கர உந்து வாகனத் தமிழர் சங்கத்தின் தலைவர்.

சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவருக்கும் பதவி இருந்ததால் உறுப்பினர் என்று தனியாக யாரும் இல்லை. சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் மாணிக்கத்துக்கு மிளகாய் அரைக்கும் மில் இருந்தது. அதன் மாடியில் ஞாயிறுதோறும் கூட்டம். கீழே மெஷின் ஓடாவிட்டாலும் மேலே வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் தீர்மானம் நிறைவேற்றுவார்கள்.

மாணிக்கத்தினுடையது சண்டைக்கால வில்லிஸ் ஜீப். ராணுவம் கழித்துப்போட்டதைச் சுங்கை ரோடு பழைய சந்தைக்காரர் ஒருவர் மூலம் பிடித்தார். வார நாட்களில் மிளகாய் மூட்டை சுமந்து சுமந்து, அதன் மேல்துணியை உதறினால் ஒரு வீட்டுக்குக் குழம்பு வைக்கலாம்.

செயலாளர் பேரின்பநாயகம் துறைமுகத்தில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் இருந்தது ஆஸ்டின் சேம்ப் என்ற ராணுவ வண்டி. அதற்கு ஐந்து கியர். அந்த ஐந்திலும் முன்னால் போவதுபோலவே பின்னாலும் போகலாம் என்பது அதன் தனிச் சிறப்பு. சிங்கப்பூரில் அத்தனை வேகமாகப் பின்னால் போக வேண்டிய அவசரம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் அவர் ஒரு கூட்டத்தையும் முடித்ததில்லை.

பொருளாளர் அஹமது கபீர் ஜவுளிக் கடைக்காரர். அவருடைய லேண்ட் ரோவர் புதுசு. சீட்டுக்குப் போட்டுவந்த பிளாஸ்டிக் உறையை மூன்று வருஷமாகக் கழற்றவில்லை. மழை தூறினால் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டு ரிக்‌ஷாவில் போவார்.

“அலுமினிய பாடி அண்ணே. துருவே புடிக்காது,” என்பார்.

“துரு புடிக்க மழையில நனையணும்ல பாய்?” என்பார் மாணிக்கம்.

“உங்கட ஜீப் பாரம் குறைவு, அதை ஒப்புக்கொள்ளுறன்,” என்று பேரின்பநாயகம் ஆரம்பிப்பார். “ஆனால் பின்னுக்குப் போறதெண்டால்—”

“செயலாளரே, நாங்க முன்னால போறதப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம் லா!”

எந்த வண்டி செங்குத்தான மேட்டில் மூக்கு இடிக்காமல் ஏறும் என்று ஒரு மாதம் விவாதம் நடந்தது. கடைசியில் மாணிக்கம் சிவகாமியின் பழைய ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து, டயருக்கும் மூக்குக்கும் இடையில் வைத்து மூன்று வண்டியையும் அளந்தார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாகைமானி ஒருமுறைகூட இவ்வளவு மரியாதையாகக் கையாளப்பட்டதில்லை.

இத்தனை வண்டியையும் வைத்துக்கொண்டு அவர்கள் ஏறிய மேடு ஒன்றே ஒன்று. தேக்கா சந்தைக்குப் பின்னால் காய்கறிக் கழிவு கொட்டும் இடம். அங்கே முட்டைக்கோஸ் இலைமீதும் அழுகிய பூசணிமீதும் மூன்று வண்டிகளும் ஏறி இறங்கின. அஹமது கபீர் இறங்கியதும் டயரைத் துடைத்தார். சங்கத்தின் முதல் ஆண்டறிக்கையில் இது ‘கடும் நிலப்பரப்புச் சோதனை’ என்று பதிவாகியது.

சோதனை முடிந்ததும் மேம்பாடு தொடங்கியது. ஒருவர் பெரிய பட்டன் டயர் மாட்டினால் அடுத்த ஞாயிறு இன்னொருவர் அதைவிடப் பெரிசாக மாட்டுவார். மாணிக்கம் ஜீப்பின் பக்கத்தில் மண்வெட்டியும் கோடரியும் பொருத்தினார். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமைதோறும் பூ வைத்தார். பேரின்பநாயகம் மூடுபனி விளக்கு நான்கு வாங்கினார். சிங்கப்பூரில் மூடுபனி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அஹமது கபீர் பெட்ரோல் கேன் இரண்டு வாங்கி, ஒன்றில் பன்னீர் ஊற்றி வைத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பந்தயத்தில், சரஸ்வதி பூசைக்கு ஒரு வாரம் முன்பு, மாணிக்கம் மற்ற இருவரையும் ஒரேயடியாக வீழ்த்தினார். முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் பளபளவென்று குமிழ் மாதிரி ஒரு சாமான் பூட்டிக்கொண்டு வந்தார். கப்பலில் வந்த சாமான் என்றார்.

“இது என்னத்துக்கு அண்ணே?” என்றார் அஹமது கபீர்.

“முன்சக்கரத்துக்கு இது தனிச் சக்தி குடுக்கும்.”

“எப்பிடிக் குடுக்குது?”

“அது உள்ளுக்குள்ள நடக்கும் பாய். நமக்குத் தெரியாது.”

சாமான் வந்த பெட்டியில் இங்கிலீஷில் ஒரு தாள் இருந்தது. பெட்டி குப்பைக்குப் போகும் வழியில் சிவகாமி அதை எடுத்துப் பிரித்துப் படித்தாள். எளிய விஷயம்தான். தார்ச் சாலையில் முன்சக்கரம் எஞ்சினோடு சேராமல் தன்பாட்டில் உருளட்டும் என்பதற்காகச் செய்த குமிழ் அது. சேறு வந்தால் வண்டியை விட்டு இறங்கி, இரண்டு குமிழையும் கையால் கால் வட்டம் திருப்ப வேண்டும். அதற்கப்புறம்தான் உள்ளே இருக்கும் லீவரை இழுத்தால் நான்கு சக்கரமும் இழுக்கும். திருப்பாமல் லீவரை எவ்வளவு இழுத்தாலும் பின்சக்கரம் இரண்டு மட்டுமே உழைக்கும். முன்சக்கரம் சங்கத் தலைவர் மாதிரி முன்னால் இருந்துகொண்டு சும்மா வரும்.

அதை அப்பாவிடம் வாயால் சொல்வது ஆகிற காரியம் இல்லை. ஒரு துண்டுத்தாளில் தமிழில் அழகாக எழுதி, மில் மேசையில் எடைக்கல்லுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் காலை மாணிக்கம் அந்தத் தாளில் ஒரு கைப்பிடி மிளகாய்த்தூளை மாதிரிக்கு மடித்து, சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். ஆக, அந்தக் குமிழைத் திருப்ப வேண்டும் என்பது தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு பேர்தான்: சிவகாமி, அந்தக் கடையின் சமையல்காரர்.

சரஸ்வதி பூசையன்று அம்மா அன்னம்மா ஜீப் முழுக்கத் திருநீறு பூசினாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். மழை பெய்து திருநீறு கரைந்து போகவே மாணிக்கத்துக்கு மனசு கேட்கவில்லை. பெயர்ப்பலகை எழுதும் ஆளைக் கூப்பிட்டு, குமிழ் இரண்டிலும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டை, நடுவில் சிவப்புப் பொட்டு என்று அழியாதபடி வரைந்துவிட்டார். குமிழில் பொறித்திருந்த அம்புக்குறியும் எழுத்தும் பெயிண்டுக்கு அடியில் போயின. சக்கரம் உருளும்போது பட்டைகளும் உருண்டன. அது பக்திக்கு இழுக்கா என்று ஒரு கூட்டத்தில் கேள்வி வந்தது. இறைவன் ஆடுகிறான், அவ்வளவுதான் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

பெண் பார்க்கும் படலம் நடந்தது அதற்கு அடுத்த மாதம்.

கார்த்திகை இருபத்தெட்டு. விடியும் முன்பே மூன்று வண்டியும் கிளம்பின. கல்யாண வேலைக்கு ஒரு வண்டி போதும். ஆனால் சங்கத்தின் முதல் வெளிநாட்டுப் பயணம் என்று தீர்மானம் போட்டாகிவிட்டது. மற்ற வண்டிகள் தலைவர் வண்டியை முந்தக்கூடாது என்பதும் தீர்மானம். ஜீப்பில் மாணிக்கம் ஓட்ட, பக்கத்தில் அன்னம்மா மடியில் பழத்தட்டோடு. பின்னால் பட்டுப்புடவையில் சிவகாமி, தேங்காய்ப் பைக்கும் உபரி டயருக்கும் நடுவில். புக்கித் தீமா தாண்டி உட்லண்ட்ஸ் வருவதற்குள் மூவரும் மிளகாய் நெடியில் பதினோரு முறை தும்மியிருந்தார்கள். சிவகாமி எண்ணிக்கொண்டே வந்தாள். ஒற்றைப்படை நல்ல சகுனமா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாருக்கு நல்லது என்பதும் தெரியவில்லை.

கடற்பாலம் தாண்டி ஜொகூருக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பதினெட்டாங்கட்டையில் திரும்பும்போது எட்டரை. செம்மண் பாதை தகரக் குவளையில் கரைத்த காவி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அஹமது கபீர் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, நான் இங்கனயே இருந்து வண்டிய பாத்துக்கறேன்.”

“எந்த வண்டிய?”

“என் வண்டியத்தான்.”

பொருளாளரைத் தார்ச் சாலையில் விட்டுவிட்டு மற்ற இருவரும் உள்ளே இறங்கினார்கள். ஒரு மைல் நன்றாகவே போனது. அதற்கப்புறம் ஒரு சின்ன மேடு. இரண்டு பக்கமும் கால்வாய். தலைவர் லீவரைப் பெருமையோடு இழுத்து, “இப்ப பாருங்க,” என்றார். ஜீப் பாதி மேடு ஏறியது, யோசித்தது, நின்றது. பின்சக்கரங்கள் இரண்டும் சுழன்று சேற்றை வாரிப் பேரின்பநாயகத்தின் நான்கு மூடுபனி விளக்குகளையும் மூடின. முன்சக்கரங்கள் அசையவில்லை. மூன்று பட்டையும் பொட்டுமாகத் தியானத்தில் இருந்தன.

சிவகாமி பின்னாலிருந்து எட்டி அந்தக் குமிழைப் பார்த்தாள். மாணிக்கம் மணி பார்த்தார். ஒன்பது ஆக ஐந்து நிமிஷம்.

முதல் கால் மணி நேரம் மாணிக்கம் வண்டியைத் திட்டினார். அடுத்த கால் மணி நேரம் மழையைத் திட்டினார். பூ வைத்த மண்வெட்டியைக் கழற்றப் போனால், அதைப் பொருத்தியவன் திருடு போகக்கூடாது என்று வண்டியோடு சேர்த்துப் பற்றவைத்தே விட்டிருந்தான். அப்போது சைக்கிளில் இரண்டு கூடை மீனோடு ஒரு சீனர் வந்தார். ஓரமாக இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேட்டைத் தாண்டிப் போனார்.

“அலாமா தவுக்கே, மொதலாளி! ஜீப் தூங்குது லா?”

“போடா போடா, ஒன் வேலயப் பாரு!”

மீன்காரர் சிரித்துக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போய் மறைந்தார்.

பேரின்பநாயகம் குடையோடு இறங்கி வந்தார். அவர் முகத்தில் இரண்டு வருஷமாகக் காத்திருந்த ஒரு ஒளி தெரிந்தது.

“தலைவர், இஞ்ச பாருங்கோ. கயிறு கட்டுவம். நான் உங்களைப் பின்னுக்கு இழுக்கிறன். என்ர வண்டி ஐஞ்சு கியரிலயும் பின்னுக்கு—”

“செயலாளரே, சுப காரியத்துக்குப் போறப்ப பின்னால போறதா? வாயக் கழுவுங்க.”

“பத்தடி காணும்தானே, அது போதும்! பிறகு வேற பக்கத்தால ஏறலாம்.”

“பத்தடி என்ன, பத்து அங்குலம் போனாலும் பின்னால போனதுதான்.”

“அப்ப நடந்துடலாம்,” என்றாள் அன்னம்மா. “ரெண்டு மைலு. மணி ஒம்பதரைதான் ஆவுது.”

மாணிக்கம் மனைவியைப் பார்த்த பார்வையில் மழையே ஒரு கணம் தயங்கியது. “நாலு சக்கர சங்கத்துத் தலைவன் மக, தட்டத் தூக்கிக்கிட்டு ரெண்டு காலுல போறதா? நாளைக்கி கபீரு ஊரெல்லாம் சொல்லுவான்.”

கபீருக்கு அந்த நேரம் வேறு கவலை. தார்ச் சாலையில் போன லாரி ஒன்று தெறித்த சேற்றைப் பன்னீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மணி ஒன்பது ஐம்பது. மாணிக்கம் சக்கரத்தருகே குனிந்து பார்த்தார். குமிழைப் பார்த்தார். அவருக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்பியது. நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

“ஏய் சிவகாமி. இந்தச் சாமான் கூட ஒரு காயிதம் வந்துச்சே. நீ கையில வச்சிருந்தியே. அதுல என்ன போட்டுருந்துச்சு?”

சிவகாமி மறுபடியும் குமிழைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. வாயைத் திறந்தால் பத்து மணிக்கு அவள் முனியாண்டிக்கு முன்னால் நிற்பாள். பத்தரைக்குள் தட்டு மாறிவிடும். அதற்கப்புறம் முழங்கால் வலி. ஆனால் கேட்பது அப்பா. மழையில் நனைந்து, வேட்டியெல்லாம் காவியாகி நிற்கிறார். அவள் மனசுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டாள். பத்து எண்ணுவது. பத்துவரைக்கும் அப்பா பதிலுக்காக நின்றால் சொல்லிவிடுவது. அவர் நிற்கட்டும், அது போதும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

“பிள்ளையிட்டக் கேட்டு என்ன பிரயோசனம்?” என்றார் பேரின்பநாயகம்.

நான்கு.

“அதானே,” என்றார் மாணிக்கம். “இது கிட்டப் போயி கேக்குறேன் பாருங்க.” திரும்பி நடந்து, எஞ்சின் மூடியைத் திறந்து, தனக்குத் தெரியாத கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

சிவகாமி பத்துவரை எண்ணி முடித்தாள். பிறகு புடவை முந்தானையை மடியில் சேர்த்துவைத்துக்கொண்டு, நேரே உட்கார்ந்தாள். மழைச்சத்தம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மீன்காரர் தோட்டத்தில் மீனோடு செய்தியையும் இறக்கியிருக்க வேண்டும். பத்தேகாலுக்கு மேட்டின் உச்சியில் ஒரு பெரிய கறுப்புக் குடை தோன்றியது. அதன் கீழே செருப்பில்லாமல், புடவையைக் கணுக்காலுக்கு மேலே செருகிக்கொண்டு தனபாக்கியம் அம்மாள். இரண்டு மைலை முழங்கால் வலியோடு நடந்தே வந்திருந்தாள். மேட்டிலிருந்து இறங்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“நல்லா இருக்குங்க சம்பந்தி, நல்லா இருக்கு! கோயில்ல பூசாரி கற்பூரத்தக் கையில வச்சிக்கிட்டு நிக்கறாரு, நீங்க இங்க மண்ணுக்கு மாலை போட்டுக்கிட்டு இருக்கீங்க. எம்புள்ள புதுச்சட்ட போட்டுக்கிட்டு ஒரு மணி நேரமா நிக்கிறான், உக்காந்தா மடிப்புக் கலைஞ்சிரும்னு உக்காரக்கூட இல்ல. மூத்தவ அப்பவே சொன்னா, டவுனுக்காரங்கள நம்பாதீங்கன்னு. அவ சொல்லி நான் எதையும் கேட்டதில்ல, இத மட்டும் கேட்டுருக்கலாம். எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க, ஓட்டமும் நடையுமா போனா—”

“பத்து நிமிசம் சம்பந்தி. இந்தா எடுத்துட்டேன்,” என்று மாணிக்கம் ஸ்டியரிங்கில் ஏறினார். பேரின்பநாயகத்தைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னார். எஞ்சின் அலறியது. செயலாளர் தலையிலிருந்து கால்வரை செம்மண்ணாலான ஒரு சிலையாக மாறினார். வண்டி அசையவில்லை. தனபாக்கியம் அம்மாள் வாய் ஓயவில்லை. அன்னம்மா பழத்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் அப்பாவின் மணிக்கட்டை சிவகாமி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தரை.

பெரிய முள் ஆறைத் தாண்டி இன்னும் ஒரு கோடு நகரும்வரை பொறுத்திருந்தாள். பிறகு பின்னாலிருந்து இறங்கினாள். பட்டுப்புடவை சேற்றில் புரண்டது. நேராக முன்சக்கரத்துக்குப் போய்க் குந்தினாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, குமிழின் விளிம்பில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுற்றிக் கீறினாள். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். முதலில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை திருப்பினாள். ‘கடக்’ என்று உள்ளே ஏதோ உட்கார்ந்தது. ஊசியை வாயில் கவ்வியபடி வண்டிக்கு முன்னால் சுற்றி மறுபக்கம் போய், அதையும் அப்படியே செய்தாள்.

மாணிக்கம் இதையெல்லாம் பார்க்கவில்லை. எஞ்சினை அடக்கிவிட்டுக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தவர், மறுபடியும் “முனியாண்டி, கைவிட்டுராதப்பா!” என்று கத்திக்கொண்டே மிதித்தார். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி, முன்னங்காலைத் தூக்கி வைத்த மாடு மாதிரி மேட்டில் ஏறி, உச்சியில் போய் நின்றது.

“ஏறிருச்சு! ஏறிருச்சுய்யா! பாத்தீங்களா செயலாளரே, சாமான் வேல செஞ்சிருச்சு!”

“நான் தள்ளின தள்ளல் அது,” என்றது மண்சிலை.

“முனியாண்டி இழுத்தாரு,” என்றாள் அன்னம்மா.

பின்னால் நடந்த அவசரக் கூட்டத்தில் மூன்றும் சேர்ந்துதான் என்று ஒருமனதாகத் தீர்மானமானது. ஆனால் தனபாக்கியம் அம்மாள் தன் பக்கத்திலேயே வந்து நின்ற ஜீப்பின் முன்சக்கரத்தைப் பார்த்தாள். மறுபக்கம் சுற்றிப் போய் அந்தச் சக்கரத்தையும் பார்த்தாள். சற்று முன் பொட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாதுவாகப் படுத்திருந்த மூன்று பட்டைகளும், இரண்டு சக்கரத்திலும் இப்போது நாமம் மாதிரி நிமிர்ந்து நின்றன. சக்கரம் உருண்டால் பட்டையும் உருளும்தான், ஆனால் குமிழைச் சுற்றிக் கீறிய புதுக்கோடு பளிச்சென்று தெரிந்தது. அதைச் சுற்றி ஐந்து விரலின் சேற்றுத்தடம்.

ஸ்டோர் கிராணியைப் பெற்றவள் அல்லவா? எது எப்போது கைமாறியது என்று கண்டுபிடிப்பது அவள் ரத்தத்தில் இருந்தது. சக்கரத்தைப் பார்த்தாள். மாணிக்கத்தின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு மேட்டுக்குக் கீழே, கொண்டை ஊசியை மீண்டும் தலையில் செருகிக்கொண்டிருந்த பெண்ணிடம் இறங்கி வந்தாள்.

“இதத் திருப்பணும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

சிவகாமி நிமிர்ந்து பார்த்தாள். கேட்டவள் முதல்முறையாகப் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். மழை குடையில் விழுந்து நான்கு பக்கமும் வழிந்தது. சிவகாமி எண்ணவில்லை, எண்ண வேண்டியிருக்கவில்லை. உள்ளே வரிசையில் நின்ற எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு ஒன்று தானாக முன்னால் வந்தது.

“தெரியும்.”

தெளிவான, கணீரென்ற குரல். அன்னம்மாவே திரும்பிப் பார்த்தாள்.

தனபாக்கியம் அம்மாளின் வாய் திறந்தது. முழங்கால் வலியும், மூத்த மருமகளும், பூசாரியின் கற்பூரமும், குளுவாங் பெண்ணின் ஜாதகமும் எல்லாம் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது போலிருந்தது. எதுவும் வெளியே வரவில்லை. வாய் மெல்ல மூடிக்கொண்டது.

“வாங்க சம்பந்தி, ஏறிக்குங்க!” மேட்டிலிருந்து மாணிக்கம் கை ஆட்டினார். “அஞ்சே நிமிசம், கோயில் வாசல்லயே கொண்டு விடறேன். இனிமே இது எதுக்கும் நிக்காது!”

அந்த அம்மாள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். செருகியிருந்த புடவையை இன்னும் ஒரு மடிப்பு ஏற்றிச் செருகினாள். ஜீப்பை ஒட்டி, அதைத் திரும்பியும் பாராமல், மீன்காரரின் சைக்கிள் போட்டிருந்த ஒற்றைத் தடத்தில் காலை வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போனாள்.